உணர்விழந்த பாதமும் உடலின் எடையும்

தமிழ்நாட்டை விட்டு வெகுதொலைவில் வாழும் நம்மவர் இருவர், ஒரு திருமணத்திலோ சங்கத்து விழாவிலோ நெடுநாள் கழித்துச் சந்தித்தால், முதற்பேச்சு உடம்பைப் பற்றியதாகவே இருக்கும். "என்ன, இப்படி இளைத்துப் போய்விட்டீர்களே?" என்பது ஒன்று; "சற்றுப் பூசினாற்போல் இருக்கிறீர்களே, இவ்வூர்க் கோதுமை ஒத்துக்கொண்டது போலும்!" என்பது மற்றொன்று. கேட்பவர் அன்பினால் கேட்கிறார். கேட்கப்பட்டவரும் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறார். ஆனால் நீரிழிவினால் கால் நரம்புகள் நலிந்த ஒருவரிடம் இக்கேள்வியைக் கேட்டால், உண்மையான விடை கூற அவருக்கு அரைமணி நேரமாவது வேண்டும். அவருடைய எடை ஏறியதற்கு மருந்து காரணமாயிருக்கலாம். நடை நின்றுபோனது காரணமாயிருக்கலாம். உடலில் நீர் கோத்தது காரணமாயிருக்கலாம். எடை இறங்கியதற்கும் அவ்வாறே பல காரணங்கள் உண்டு. அவற்றுள் சில மகிழத்தக்கவை, சில அஞ்சத்தக்கவை. இவற்றைப் பிரித்தறியாமல், மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவதும் நடையை விட்டுவிடுவதும் நம் இல்லங்களில் அடிக்கடி நிகழ்கின்றன. அதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். நான் வைத்தியன் அல்லேன். பதினோராண்டுகளாக இந்நோயோடு குடித்தனம் நடத்துபவன். அந்த உரிமையோடும், டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றோடும் எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். டாக்டர் 'நியூரோபதி' என்று எழுதிக் கொடுப்பதைத் தமிழில் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லிவிடுகிறோம். அச்சொல்லோ, லேகிய விளம்பரங்களின் புண்ணியத்தால், வேறொரு பொருளில் ஊறிப்போனது. அதனாலேயே நம் பெரியவர் பலர் கால் எரிச்சலைக்கூட வெளியில் சொல்லக் கூசுகின்றனர். இக்கட்டுரையில் 'நரம்பு நலிவு' என்றே எழுதுகிறேன். கூசுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

நம் உடலிலுள்ள நரம்புகளுள் மிக நீண்டவை, முதுகந்தண்டின் அடியிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடுபவை. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்து நின்றால், நீளம் மிகுந்த அந்நரம்புகளின் நுனியே முதலில் கெடுகிறது. ஆகையால் தொல்லை இரு பாதங்களிலும் ஒருங்கே தொடங்கிக் காலுறை அணியும் இடமெல்லாம் மெல்ல மேலேறுகிறது. இரவில் எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, போர்வை பட்டாலே வலி என்பன ஒரு பக்கம். முள் குத்தினாலும் தெரியாத மரப்பு மற்றொரு பக்கம். இவ்விரண்டும் ஒரே காலில் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது புதிதாகக் கேட்போர்க்கு வியப்பாயிருக்கும். எரிகின்ற கால்தான் சுடுவதை அறியாத காலாகவும் இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி 2021இல் நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடியே 10 லட்சம் பேர். ஆகவே இது யாரோ சிலருடைய நோயன்று. நீரிழிவைத் தவிர, பி12 என்னும் வைட்டமின் குறைவு, மதுப்பழக்கம், தொழுநோய், தைராய்டு சுரப்பிக் குறை, புற்றுநோய்க்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவையும் நரம்பை நலிவிக்கும். இவற்றுள் பி12 குறைவு நம்மவர்க்கு நெருங்கிய உறவு. இவ்வைட்டமின் காய்கறி, தானியங்களில் இல்லை. மரக்கறி உண்போர்க்குப் பாலும் தயிருமே கதி. போதாக்குறைக்கு, நீரிழிவுக்கு முதல் மருந்தாகத் தரப்படும் மெட்பார்மினைப் பல்லாண்டு உட்கொண்டால் பி12 மேலும் குறையும். கால் எரிச்சல் முழுவதையும் சர்க்கரையின் தலையில் கட்டிவிடாமல், பி12 அளவையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லிக் கேட்பது நலம். அதற்காகக் கடையில் கிடைக்கும் வைட்டமின் மாத்திரையையெல்லாம் வாங்கி விழுங்குவதும் ஆகாது. பி6 என்னும் வைட்டமினைப் பேரளவில் நெடுநாள் உண்டவர்களுக்கு அதுவே நரம்பைக் கெடுத்ததென 1983இலேயே எழுதப்பட்டுள்ளது.

மாத்திரைகளின் கணக்கு

நரம்பு வலிக்குத் தரப்படும் மருந்துகளுள் சில, வேறு நோய்களுக்காகப் பிறந்தவை. அமிட்ரிப்டிலின் 1961இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கென அனுமதி பெற்றது. கபாபென்டின் 1993இல் வலிப்பு நோய்க்காக வந்தது. பிரிகாபலின், டுலாக்செடின் ஆகிய இரண்டும் 2004இல் நீரிழிவு நரம்பு வலிக்கு அங்கு ஒப்புக்கொள்ளப்பட்டன. மருந்துக் கடையில் யாரோ ஒருவர், "இது வலிப்புக்குக் கொடுப்பதாயிற்றே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட, வீட்டிலுள்ளோர் கலங்கி மாத்திரையை அலமாரியில் பூட்டிவைப்பதுண்டு. கலங்க வேண்டுவதில்லை. நலிந்த நரம்பு ஓயாமல் அனுப்பும் பொய்யான வலிச் செய்தியை இம்மருந்துகள் அடக்குகின்றன. ஆனால் அவை நரம்பைச் செப்பனிடுவதில்லை. நரம்பு மேலும் கெடாமல் காப்பதற்குச் சர்க்கரையைத்தான் அடக்கியாக வேண்டும்.

இனி எடைக்கு வருவோம். பிரிகாபலினும் கபாபென்டினும் பலருக்கு எடையை ஏற்றுகின்றன. கணுக்காலில் நீர் கோக்கவும் செய்கின்றன. அமிட்ரிப்டிலினும் எடையை ஏற்றும். அதோடு வாய் உலர்தலும் மலச்சிக்கலும் எழுந்து நிற்கையில் தலைசுற்றலும் சேரும். டுலாக்செடின் தொடக்கத்தில் குமட்டலையும் பசிக்குறைவையும் தருமேயன்றி எடையைப் பெரிதும் ஏற்றுவதில்லை; எனினும் ஈரல் நோயுடையோர்க்கு அது ஏற்றதன்று. இவை நரம்புக்குரியவை. நீரிழிவுக்கென உண்பவற்றிலும் இவ்வேறுபாடு உண்டு. இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் ஆகியவை எடையை ஏற்றுவன. மெட்பார்மின் ஏற்றுவதில்லை. டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் என்பவை சற்று இறக்குவன. செமாகுளுடைடும், 2025இல் நம் நாட்டிற்கு வந்த டிர்செபடைடும் மிகுதியாகவே இறக்குகின்றன.

இன்சுலின் போட்டதும் உடம்பு ஊதிவிட்டது என்று அதன்மேல் பழி போடுவோர் பலர். உண்மை என்னவெனில், அதற்குமுன் உண்ட உணவின் ஒரு பகுதி சர்க்கரையாகச் சிறுநீரில் வீணே போய்க்கொண்டிருந்தது. இப்போது அது உடலில் தங்குகிறது. பழைய அளவிலேயே உண்டால் எடை ஏறாமல் என் செய்யும்?

இத்தனை மருந்துகளுள் மூன்றோ நான்கோ ஒருவரிடம் ஒரே காலத்தில் சேரும்போது, எது ஏற்றியது, எது இறக்கியது என்று நினைவிலிருந்து சொல்ல எவராலும் இயலாது. ஆகவேதான் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டுமென்கிறேன். நான் வைத்திருப்பது சாதாரண வரவுசெலவு நோட்டு. ஞாயிறுதோறும் காலையில், காலைக்கடன் முடித்து, ஒன்றும் உண்பதற்குமுன், அதே எடைக்கருவியில் ஏறி நின்று எழுதுவது ஒரு பத்தி. அவ்வாரத்தில் புதிதாகச் சேர்ந்த மருந்து, நின்ற மருந்து, கூடிய அளவு, குறைந்த அளவு ஆகியவை மறு பத்தி. நடந்த நாட்களும் வலி மிகுந்த இரவுகளும் மூன்றாம் பத்தி. ஒருமுறை, பிரிகாபலின் தொடங்கிய நான்கு மாதத்தில் 71 கிலோவிலிருந்து 76 கிலோவாக நான் ஏறியது இந்நோட்டில் பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் அப்பக்கத்தைப் பார்த்தார். அதே கிழமையில் இன்சுலின் கூடவில்லை என்பதையும் நடை குறையவில்லை என்பதையும் பார்த்தார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார். ஐந்து நிமிடத்தில் முடிந்த காரியம்.

மாற்ற முடியும் என்பதுதான் பலர் அறியாத செய்தி. பிரிட்டனில் நீரிழிவு நரம்பு வலியுடைய 130 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், பிரிகாபலின் ஆகிய மூன்றனுள் எதைக்கொண்டு தொடங்கி, போதாதபோது மற்றொன்றைச் சேர்த்தாலும், வலி தணிந்த அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வலி தணிப்பதில் பெரிய வேற்றுமை இல்லையெனில், எடை, இதயம், ஈரல், உறக்கம் ஆகியவற்றைப் பார்த்து அவரவர்க்கேற்ற மருந்தை டாக்டர் தேர்ந்தெடுக்க இடமிருக்கிறது. அதற்கு, எடை ஏறுவது எனக்கு இடைஞ்சலாயிருக்கிறது என்று நாம் வாய் திறந்து சொல்ல வேண்டும். நம்மவர் அதைச் சொல்வதில்லை. டாக்டர் எதிரே "எல்லாம் நன்றாயிருக்கிறது" என்று கைகூப்பிவிட்டு, வீட்டிற்கு வந்து மாத்திரையை நிறுத்துகிறோம். பிரிகாபலினையோ டுலாக்செடினையோ திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை, குமட்டல், வியர்வை, படபடப்பு ஆகியவை தோன்றும். அடங்கியிருந்த வலியும் திரும்பும். பிரிகாபலினைக் குறைந்தது ஒரு வாரமேனும் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டுமென்பது விதி. நிறுத்தியதும் வலி திரும்ப, வலியால் நடை நிற்க, நடை நின்றதால் எடை ஏற, எடைக்காக நிறுத்திய மருந்தினாலேயே எடை ஏறுகிற வேடிக்கையை நான் இருவரிடம் கண்டிருக்கிறேன்.

இன்னொரு செய்தியையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் கடைகளில் பிரிகாபலின் தனியாக வருவதைக் காட்டிலும் மெத்தில்கோபாலமின் என்னும் பி12 வகையோடு கலந்து ஒரே மாத்திரையாக வருவது மிகுதி. உண்பவர் அதை நரம்புக்குச் சத்து மாத்திரை என்றே எண்ணுகிறார். முழங்கால் வலிக்குக் காட்டிய டாக்டர் ஒரு பெயரில் இதைத் தருகிறார். நீரிழிவு டாக்டர் வேறொரு கம்பெனியின் பெயரில் இதையே தருகிறார். இரண்டும் வேறுவேறு நிறம், உள்ளிருப்பது ஒன்று. இரட்டிப்பு அளவு உள்ளே போய்ப் பகலெல்லாம் தூக்கம், நடையில் தள்ளாட்டம், எடையேற்றம் எல்லாம் வந்தபின், "வயதாகிவிட்டது" என்று முடிவு கட்டுகிறோம். இம்மருந்து சிறுநீரின் வழியே கழிவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்க்குச் சாதாரண அளவே மிகையளவாகிவிடும். மாத்திரை அட்டையின் பின்புறம், பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயரும் அதன் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயரும் இருக்கும். அச்சிறிய எழுத்தைப் படிக்கும் வேலையைப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். அவர்களுக்குக் கண்ணும் கூர்மை, துப்பறியும் ஆவலும் மிகுதி.

ஏறிய எடை கொழுப்பா நீரா என்று பார்ப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. முழந்தாளுக்குக் கீழே, முன்புற எலும்பின்மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து நின்றால் அது நீர். சில நாட்களுக்குள்ளாகவே இரண்டு கிலோ ஏறிவிட்டாலும், கால் வீங்கிப் படுத்தால் மூச்சு முட்டினாலும், ஞாயிற்றுக்கிழமைக் கணக்கிற்குக் காத்திராமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அது இதயத்தின் முறையீடாக இருக்கக்கூடும். பயோகிளிட்டசோனும் பிரிகாபலினும் சேர்த்து உண்போர் இதில் மிகுந்த விழிப்போடு இருத்தல் வேண்டும்.

இளைப்பில் இரு வகை

உணவைக் குறைத்து, நடந்து, மாதத்திற்கு ஒரு கிலோ இரண்டு கிலோவென இளைப்பவரைப் பாராட்டுவோம். ஆசிய மக்களுக்கு இடுப்பின் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாதென்பது டாக்டர்கள் வகுத்த எல்லை. நம்மில் பெரும்பாலோர் அதைத் தாண்டி நெடுந்தூரம் வந்துவிட்டோம். ஆகவே இளைப்பதற்கு இடமிருக்கிறது.

ஆனால் முயலாமலே இளைப்பவரைக் கண்டு மகிழ்வதற்கில்லை. சர்க்கரை கட்டுமீறியிருந்தால் எடை கரையும். இது யாவரும் அறிந்தது. வயிற்றை இயக்கும் நரம்புகள் நலிந்தால் உணவு இரைப்பையிலேயே நெடுநேரம் தங்கி, இரண்டு கவளத்திலேயே வயிறு நிரம்பி, வாந்தியும் வரும். இது பலர் அறியாதது. மூன்றாவதாக ஒன்றுண்டு. ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு, சர்க்கரை மிகையாக இல்லாதபோதும், ஒரு பக்கத்துத் தொடையில் திடீரெனக் கடும் வலி தோன்றும். சில வாரங்களில் தொடைச் சதை வற்றும். நாற்காலியிலிருந்து எழவும் படியேறவும் முடியாமற் போகும். உடல் எடையும் பத்துக் கிலோ அளவிற்குக் குறையும். இந்நோய்க்கு 1955இல் கார்லண்டு என்னும் ஆங்கில டாக்டர் 'நீரிழிவுத் தசைவற்றல்' என்ற பொருளில் பெயரிட்டார். 1974இல் எல்லன்பெர்க்கு என்பவர், கடும் நரம்பு வலியோடு உடலே உருகி எலும்பாகும் வேறொரு வகையையும் விவரித்தார். இத்தகையோரைக் கண்டால் குடும்பத்தார் முதலில் புற்றுநோய் என்றே நடுங்குவர். அதைச் சோதித்துப் பார்ப்பதும் முறையே. சோதனையில் ஒன்றும் இல்லையெனில், பெரும்பாலோர்க்கு இந்நிலை பல மாதங்களில், சிலருக்கு ஓராண்டு ஈராண்டில், தேறக்கூடியது என்ற செய்தி அவ்வீட்டிற்கு எத்துணை ஆறுதல்!

விரைந்து இளைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. முழங்காலின் வெளிப்புறத்தில், சற்றுக் கீழே, எலும்புருண்டை ஒன்று கைக்குத் தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அவ்விடத்தில் தோலுக்கு மிக அருகில் வளைந்து செல்கிறது. அதைச் சூழ்ந்த கொழுப்பே அதற்கு மெத்தை. சில மாதங்களில் பெருமளவு இளைத்தவர்க்கு அம்மெத்தை கரைந்துவிட, கால்மேல் கால் போட்டு அமர்வதாலோ நெடுநேரம் குந்தியிருப்பதாலோ அந்நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிப்போகும். நீரிழிவு நரம்பு இதற்கு எளிதில் ஆட்படும். வாரம் ஒருமுறை ஊசி போட்டு இளைப்போர் பெருகிவரும் இந்நாளில், பந்தியிலும் பூஜையிலும் பல மணி நேரம் தரையில் அமரும் நம்மவர் இதை நினைவில் வைக்க வேண்டும். நடக்கையில் செருப்பின் முனை தரையில் தட்டினால் காலம் தாழ்த்தாமல் டாக்டரிடம் காட்டுக.

சர்க்கரையைச் சில வாரங்களில் மிக வேகமாக இறக்கினாலும் காலில் புதிய எரிச்சல் கிளம்புவதுண்டு. மருந்து விஷமாகிவிட்டது என்று அப்போது நினைக்கத் தோன்றும். இதையும் டாக்டர்கள் அறிவர். 1933இலேயே எழுதப்பட்ட செய்தி. காலப்போக்கில் அது தணியும்.

நடக்கலாமா?

"கால் மரத்துப்போனவர் நடக்கலாகாது, நடந்தால் புண் வரும், புண் வந்தால் காலே போய்விடும்." இவ்வச்சம் நம் வீடுகளில் மட்டுமன்று, முன்பு டாக்டர்களிடமும் இருந்தது. நிற்காமல் நடக்காமல், உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகளையே அவர்கள் சொல்லிவந்தனர். அவ்வச்சத்திற்கு அடிப்படை இருந்தது; அந்த அடிப்படையை உலகுக்கு விளக்கியதில் நம் வேலூருக்குப் பெரும் பங்குண்டு.

பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் கைகால்களை ஆராய்ந்தார். விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்றே அதுவரை உலகம் நம்பியிருந்தது. வலி தெரியாமையால் நாள்தோறும் படும் சூடும் வெட்டும் அழுத்தமுமே விரல்களைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். வலிக்கும் புண்ணென்றால் நாம் நொண்டுவோம். நொண்டுவதால் புண் ஆறும். வலிக்காத புண்ணின்மேல் மனிதன் நிமிர்ந்து நடக்கிறான்; புண் எலும்புவரை போகிறது. இதைத் தடுக்கவே, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பரால் அடித்தளம் அமைத்த செருப்புகள் வேலூரிலும் அதனை அடுத்த கரிகிரியிலும் உருவாயின. 1966இல் பிராண்டு அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கற்றதை அங்கே நீரிழிவாளரின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். இன்று நம் நகரங்களில் நீரிழிவாளர்க்கென விற்கும் 'எம்.சி.ஆர்.' செருப்பு அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பார்வைக்கு அழகில்லை என்று அதை ஒதுக்குகிறவர்கள், அதன் பிறப்பிடத்தை எண்ணியேனும் மாட்டிக்கொள்ளலாம்.

செருப்பும் கவனிப்பும் சரியாயிருந்தால் நடக்கலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. அமெரிக்காவில் நரம்பு நலிவுடைய நீரிழிவாளர் 79 பேரிடம் ஓராண்டு நடத்திய ஆய்வு 2008இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினர்க்குக் கால் தசைப் பயிற்சியும் படிப்படியாகக் கூட்டப்பட்ட நடையும் தரப்பட்டன. யாவருக்கும் பாதப் பராமரிப்புக் கற்பிக்கப்பட்டது. நடந்தவர்க்குப் புண் மிகுதியாக வரவில்லை. 2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, தக்க காலணியோடு மிதமாக நடப்பது இவர்களுக்கும் ஏற்றதென்று கூறிவிட்டது. 2012இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தார் 17 பேருக்குப் பத்து வாரம் நடையும் தசைப் பயிற்சியும் தந்து பார்த்ததில், வலி குறைந்தது. தோலுக்கு வரும் நுண்ணரம்புகளின் கிளைகளும் பெருகின. சிறிய ஆய்வுதான்; பெருமுடிவு கட்ட அது போதாது. எனினும் நலிந்த நரம்பு துளிர்க்கவே துளிர்க்காது என்று எண்ணியிருந்த நமக்கு அது இனிய செய்தி.

ஆகவே நடங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்திற்குச் சில நிமிடங்களாகக் கூட்டி, வாரம் 150 நிமிடம் என்ற அளவை நோக்கிச் செல்லுங்கள். தரை சமமாக இருக்கட்டும், இருளில் வேண்டா. பாதத்தின் உணர்வு குறைந்தவர் கண்ணைக்கொண்டே நிலை அறிகிறார். இருட்டில் அவருக்கு நிலை தடுமாறும். நடை மட்டும் போதாது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, சுவரருகே ஒற்றைக்காலில் நிற்பது ஆகிய மூன்றையும் நாள்தோறும் பத்துப் பத்து முறை செய்யலாம். குழம்பு கொதிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது; தசையைக் காப்பவை இவையும், பருப்பு, சுண்டல், தயிர், முட்டை போன்ற உணவுமே.

யார் முதலில் டாக்டரைக் கேட்டபின் தொடங்க வேண்டும்? இதய நோயுடையோர், எழுந்தவுடன் தலைசுற்றுவோர், விழித்திரையில் இரத்தக் கசிவு உடையோர், இவர்கள் பளு தூக்குவதும் மூச்சடக்கி முக்குவதும் கூடா. காலில் ஆறாத புண் உள்ளவர் நடைப்பயிற்சி செய்யலாகாது. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருத்தல் வேண்டும். யாவரினும் முதன்மையாக, ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருக்குமாயின், வலி சிறிதே ஆனாலும், அக்காலை ஊன்றாமல் அன்றே டாக்டரிடம் செல்ல வேண்டும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நடந்தால், உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதம் படகின் அடிபோல் வளைந்துவிடும்.

ஊரும் காலமும்

பாதத்திற்கு வரும் கேடு ஊருக்கு ஊர் வேறுபடும். தில்லியிலும் அதற்கு வடக்கிலும் வாழ்வோர்க்கு மார்கழியும் தையும் ஆபத்தான மாதங்கள். சென்னையில் பிறந்த கால்கள் அக்குளிரைத் தாங்கமாட்டா. ஹீட்டரின் எதிரே நீட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்போம், வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவோம். மரத்த கால் வெந்து கொப்புளமாவது காலையில்தான் தெரியும். வெந்நீரில் கால் வைக்குமுன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். உறங்கப் பருத்திக் காலுறை போதும். மும்பைவாசிகளுக்கு ஆனியும் ஆடியும். தேங்கிய மழைநீரில் நடந்து வந்த கால்களைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைக்காவிட்டால் அங்கே தோல் வெடிக்கும். அவ்வெடிப்பே கிருமிகளுக்கு வாயில். இரவில் படுக்குமுன் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது இவ்விரு ஊரார்க்கும் பொது. ஆண்டுக்கொரு முறை டாக்டரிடம் பத்துக் கிராம் இழைகொண்டு உணர்வைச் சோதித்துக்கொள்க. மெல்லிய நைலான் இழை உள்ளங்காலில் வளையுமாறு அழுத்தும்போது அது தெரிகிறதா என்று கேட்பார்கள், அவ்வளவே.

கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்வோர் கவனிக்கச் சில உண்டு. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் உண்மைப் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். இங்குக் கிடைக்கும் அதே பெயர் அங்குக் கடையில் இராது. மாத்திரைகளை இருப்புப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். பெட்டி தவறினாலும் மருந்து தவறாது. இரவெல்லாம் இரயிலில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்தால் இறங்கும்போது கால் வீங்கியிருக்கும். அன்று புதிய பூட்சுக்குள் அதைத் திணிக்கலாகாது. ஊர் எடைக்கருவியில் ஏறி நின்று கலங்கவும் வேண்டா. திரும்பிவந்து நம் கருவியிலேயே பார்க்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் கோயில் வெளிப்பிராகாரத்துக் கல் தணலாய்க் கொதிக்கும். மற்றவர் துள்ளிக் குதித்து ஓடுவர்; உணர்விழந்த பாதமுடையவர் அமைதியாக மூன்று சுற்றும் சுற்றி முடிப்பார், வீட்டிற்கு வந்தபின் தோல் உரியும். தரிசனத்தை விடியற்காலை நடைதிறப்பில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் செருப்பு விட்ட இடத்திற்குத் திரும்பிவிட வேண்டும்.